ஆர் வந்து பொறுக்கிறது?

எங்கட லப்டொப்பில் 'பாட்டு' என்றொரு போல்டர் இருக்கிறது. அதற்குள் 11 பாட்டுகள். முடிந்தவை 4. மற்றதெல்லாம் 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'உண்மையாவே கடைசி' என்ற பெயர்களோடு அரைவாசியில் நிற்கின்றன. ஒன்றில் பல்லவி மட்டும்தான் உண்டு. இன்னொன்றில் சொல்லே இல்லை, "லாலா" என்று மெட்டு மட்டும் ஓடுகிறது. இவற்றைக் கேட்டுவிட்டு ஒருவரும் எங்களுக்கு மாலை போடப் போவதில்லை. ஆனாலும் கடந்த சில வருடங்களில் உங்களுக்கு ஆகக் கூடின சந்தோசத்தைத் தந்தது எது என்று கேட்டால், மூன்று பேரும் இந்தப் போல்டரைத்தான் காட்டுவோம்.

நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாண ரவுணிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் வரும் ஒரு ஊரில், பெரியம்மா வீட்டுப் பின்னறையில் கூடுகிறவர்கள். பாடுகிறவ பள்ளிக்கூட நாட்களில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை நாலாம் தரம் வரைக்கும் எடுத்தவ. கீபோர்ட் அடிக்கிறவன் தேவாலயப் பாடகர் குழுவில் பழகினவன். கிற்றார் அடிக்கிற ஆளுக்கு யூடியூப்தான் குரு. மூன்று பேருக்கும் மூன்று விதமான இசை தெரியும். ஒரே பாட்டை மூன்று பேரும் மூன்று விதமாக எண்ணுவோம்.

ஸ்டூடியோவுக்குப் போகாமல் ஏன் வீட்டிலேயே செய்கிறோம் என்று கேட்கிறார்கள். முதல் காரணம் காசு, அதை ஒளிப்பதில் பிரயோசனம் இல்லை. ஸ்டூடியோவில் மணித்தியாலக் கணக்கு. சுவரில் இருக்கும் மணிக்கூடு ஓட ஓட உங்கட காசும் ஓடும். அப்படியான இடத்தில் ஏற்கனவே பாடமாக்கி வைத்திருப்பதை மட்டும்தான் பாட முடியும். இன்னும் தெரியாத ஒன்றைத் தேடிக்கொண்டு இருக்க முடியாது. வீட்டிலே ஒரே வரியை நாற்பது தரம் பாடலாம். நடுவில் தேத்தண்ணி குடிக்கலாம், சண்டை பிடிக்கலாம், ஒரு கிழமை விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். எங்களுக்குக் கிடைத்த நல்ல விசயங்கள் எல்லாம் அந்த நாற்பதாவது தரத்துக்குப் பிறகுதான் கிடைத்தன.

சாமான்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பழைய லப்டொப், ஆரோ பாவித்துவிட்டு விற்ற ஓடியோ இன்டர்பேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன். மைக்கில் வருகிற சத்தத்தைக் கொம்பியூட்டருக்கு விளங்குகிற எண்களாக மாற்றிக் கொடுப்பதுதான் இன்டர்பேஸின் வேலை. இதெல்லாம் கையில் வர முதல் போனிலேயே செய்து பார்த்தோம். பான்ட்லாப் போனில் இலவசமாகவே கிடைக்கும். ஓடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். தொடங்குகிற ஆளுக்கு இவை இரண்டுமே காணும்.

சாமானை விட அறைதான் முக்கியம் என்று பேந்துதான் விளங்கியது. வெறும் சுவரும் சீமெந்து நிலமும் உள்ள அறையில் பாடினால், குரல் போய் சுவரில் பட்டுத் திரும்பி வந்து மைக்குக்குள் விழும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது, மைக்குக்குத் தெரியும். கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடின மாதிரி இருக்கும். முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று சொல்லுவார்கள். அது வெறும் கதை. அவ்வளவு மெல்லிய அட்டை சத்தத்தை மறிக்காது. பாரமான துணிதான் எதிரொலியைக் குடிக்கும். பெரியம்மாவின் சீலை அலுமாரியை இரண்டு பக்கமும் திறந்து வைத்து, அதற்கு முன்னால் மைக்கை நிறுத்தி, பாடுகிற ஆளின் முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்தினோம். கிணறு போய்விட்டது. கூறைச் சீலை, நூல் சீலை எல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ கட்டித் தந்தன.

அடுத்தது ஃபான். சீலிங் ஃபான் சுத்துகிற சத்தம் ஒவ்வொரு வரிக்கும் அடியில் வந்து குந்தியிருக்கும். அதை நிப்பாட்டினால் சித்திரை வெயிலில் ஐந்து நிமிடம் தாங்காது. ஒரு தரம் பாடுவது, கதவைத் திறந்து மூச்சு விடுவது, திரும்பப் பாடுவது என்று ஒரு ஒழுங்கு வந்தது. ஃபானை நிப்பாட்டலாம், பக்கத்து வீட்டுச் சேவலை நிப்பாட்ட முடியாது. எங்கட முதல் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முதல் அது ஒருக்காக் கூவும். வெட்டாமல் அப்படியே விட்டோம். "என்ர சேவலும் பாட்டில வருதாமே? அதுக்கும் ஒரு பங்கு தாங்கோ பிள்ளையள்" என்று பக்கத்து வீட்டு மாமி இன்னும் கேட்பா.

முதன்முதலாகப் பதிவு செய்து கேட்கிற ஆட்கள் எல்லாரும் சொல்லுவது ஒன்றைத்தான்: "இது என்ர குரல் இல்லை." நாங்களும் அதைத்தான் சொன்னோம். அதற்குக் காரணம் இருக்கிறது. கதைக்கும்போது எங்கட குரல் எங்களுக்குக் காற்றால் மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பாலும் கேட்கிறது. எலும்பு வழியாக வருவதில் கனத்த, கீழான சத்தங்கள் கூட. அதனால் எங்களுக்கு எங்கட குரல் எப்போதும் கொஞ்சம் தடிப்பாகத்தான் கேட்கும். மைக்குக்குக் காற்று மட்டும்தான். மெலிந்த, பழக்கமில்லாத அந்தக் குரலைத்தான் ஊரெல்லாம் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதோடு சமாதானம் ஆக எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது. எங்கட குரலை வெட்கப்படாமல் கேட்கப் பழகியது பாட்டுக்கு மட்டும் உதவவில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போய் இருக்கும்போதும் உதவியது.

குரலுக்குப் பழகிய பிறகுதான் மொழி பிடிபட்டது. நாங்கள் சொல்ல வந்ததே இதைத்தான்.

பாட்டு என்று வந்தவுடன் எங்கட வாய் தானாகவே சென்னைக்குப் போய்விடும். வீட்டில் "ஆர் அது?" என்று கேட்கிற பிள்ளை மைக்குக்கு முன்னால் போனவுடன் "யாரது" என்று பாடும். அது சினிமாப் பாட்டுகளின் குற்றம் இல்லை. பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பிறந்த நாளிலிருந்து நாங்கள் கேட்டது அதைத்தான், அதில் எங்களுக்கு உயிர். ஆனால் கேட்டுக் கேட்டு, பாட்டு என்றால் அந்த உச்சரிப்பில்தான் இருக்க வேணும் என்று ஒரு சட்டம் மண்டைக்குள் எழுதப்பட்டுவிட்டது. சட்டம் இருக்கிறது என்று கூட எங்களுக்குத் தெரியாது.

பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டின வீடு. நாங்கள் மூன்று பேரும் பிறக்க முதலே அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இடைக்கிடை ஒருவர் வந்து முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போவார். உள்ளே ஒரு மாமரம். காய்க்கிற காலத்தில் பழம் மதிலால் இந்தப் பக்கம் விழும், அந்தப் பக்கம் விழுவது அணிலுக்கு. அந்த வீட்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதுவது என்று தீர்மானித்தோம். முதல் எழுதின வரி ஏதோ "யார் வருவாரோ, கனிகளை எடுப்பாரோ" என்கிற மாதிரி இருந்தது. மெட்டில் வடிவாகத்தான் உட்கார்ந்தது. பாடிப் பதிந்து கேட்டோம். நல்ல பாட்டு மாதிரித்தான் இருந்தது, ஆனால் அந்த வீடு அதில் இல்லை. எந்த ஊர் வீடாகவும் இருக்கலாம்.

அன்றைக்குப் பின்னேரம் பெரியம்மா பின்முற்றத்தில் நின்று தனக்குத்தானே புறுபுறுத்தா: "இவ்வளவும் விழுந்து கிடக்கு, ஆர் வந்து பொறுக்கிறது?" மூன்று பேரும் ஒராளை ஒராள் பார்த்தோம். எங்கட பல்லவி இப்படி வந்தது:

மாமரம் காய்க்குது, மதிலால விழுகுது,
ஆர் வந்து பொறுக்கிறது?

அதைப் பாடிப் பார்த்தபோது நடந்தது எங்களுக்கே புதினம். "யார்" என்று தொடங்கும்போது நாக்கு மேலே போய் 'ய'வைத் தொட்டுவிட்டுத்தான் வாய் திறக்கும். "ஆர்" என்றால் வாய் நேராகவே திறக்கும். நீட்டிப் பாட அந்தத் திறந்த 'ஆ' எவ்வளவு வசதி என்று பாடுகிறவ திரும்பத் திரும்பச் சொன்னா. "எண்டு" என்ற சொல்லும் அப்படித்தான். 'ண்டு' தாளத்தில் விழுகிற இடத்தில் மேளத்தில் ஒரு அடி விழுந்த மாதிரி இருக்கும். கதைக்கிறதுக்கு மட்டும் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த தமிழுக்குள் இவ்வளவு இசை கிடந்திருக்கிறது.

கீபோர்ட்காரன் சம்மதிக்கவில்லை. "உது இந்தியாவில கேக்கிற ஆக்களுக்கு விளங்குமே?"

"அவையின்ர பாட்டு எங்களுக்கு விளங்குதுதானே. அவையும் ஒருக்கா விளங்கிக்கொள்ளட்டுமன்."

அந்த வாக்குவாதம் அன்றைக்கு முடியவில்லை. ஆனால் அவனே அடுத்த கிழமை வந்து இரண்டாவது சரணத்தில் "இருக்கிறது" என்று இருந்ததை "கிடக்கு" என்று மாற்றினான். நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. எங்கட பெரியப்பாமாரின் தலைமுறை இதை ஏற்கனவே செய்து காட்டிவிட்டது. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியது எங்கட வீடுகளில் கதைக்கிற தமிழில்தான். இன்றைக்கும் கலியாண வீட்டில் அந்தப் பாட்டுத் தொடங்கினால் எழும்பி ஆடாத பெரியப்பா இல்லை. இலங்கைப் பொப்பிசை என்று ஒரு காலமே இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டு வெளியே வருவதென்றால் இசைத்தட்டு வேணும், வானொலி நிலையம் வேணும், வாசிக்க ஒரு குழு வேணும். எங்களுக்கு ஒரு சீலை அலுமாரி போதும்.

வீட்டில் செய்த பாட்டு என்றால் தரம் குறைந்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' தொகுப்பு, அவர் நியூ ஜேர்சியில் தன்ர வீட்டில் நாலு தடங்கள் உள்ள கசெட் இயந்திரத்தில் பதிந்தது. பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் வாசிப்பதற்கான மாதிரி என்றுதான் அதைச் செய்தார். ஸ்டூடியோவில் செய்து பார்த்தபோது வீட்டுக் கசெட்டில் இருந்த ஏதோ ஒன்று வரவில்லை. கடைசியில் அந்தக் கசெட்டையே வெளியிட்டார்கள். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. ஆக லண்டனில் தன்ர முதல் பாட்டுகளைக் கட்டியது ரோலண்ட் எம்.சி.-505 என்கிற ஒற்றைப் பெட்டியை வைத்து. அதிலிருந்து 2005இல் 'அருளர்' வந்தது. நாங்கள் அவர்கள் மாதிரி வருவோம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாலு தடத்தில் அவ்வளவு செய்யலாம் என்றால், எத்தனை தடம் வேணுமென்றாலும் திறக்கிற எங்கட லப்டொப்பைக் குறை சொல்ல முடியாது.

2022 பங்குனியில் கரண்ட் வெட்டு உச்சத்துக்குப் போனது. 31ஆம் திகதி 13 மணித்தியாலம். எங்கட ஏரியா எந்த எழுத்துக் குழுவில் வருகிறது என்று பார்த்துத்தான் சோறு சமைத்தது. அந்தக் கஸ்டத்துக்குள் ஒரு விசித்திரம் நடந்தது. கரண்ட் போனவுடன் ஊரில் பிரிட்ஜ், ஃபான், தண்ணி மோட்டர், பக்கத்து வீட்டு ரீவி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அப்படியொரு அமைதியை நாங்கள் அதற்கு முதல் கேட்டதில்லை. இன்டர்பேஸுக்கு வேறு கரண்ட் தேவையில்லை, லப்டொப் வயரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். லப்டொப் பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்கும். மெழுகுதிரி வெளிச்சத்தில், வியர்க்க வியர்க்க, 'பூட்டின வீடு' பாட்டின் குரல் முழுவதையும் அந்த நாட்களில்தான் பதிந்தோம். அப்பாமார் பெற்றோல் வரிசையில் நின்ற நேரம் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் இல்லாவிட்டால் அந்த மாதங்களை எப்படிக் கடந்திருப்போம் என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் பாடுகிறவ கனடாவுக்குப் படிக்கப் போனா. எங்கட வயது ஆட்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு கதிரையாக வெறுமையாகிக்கொண்டு வருகிறது. பூட்டின வீட்டைப் பற்றிப் பாடின ஆளே போகிறா என்று பகிடி விட்டோம். பகிடி விட்டுவிட்டு மூன்று பேரும் நெடுக நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

இப்போது பாட்டு இப்படி நடக்கிறது. நாங்கள் கிற்றாரும் கீபோர்டும் பதிந்து, வேகத்தையும் சொல்லி அனுப்புவோம். அவ அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடி, குரலை மட்டும் திருப்பி அனுப்புவா. எல்லாக் கோப்பும் பூச்சியத்திலிருந்தே தொடங்க வேணும், அப்போதுதான் இங்கே ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கும்போது சரியாகப் பொருந்தும். வட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜாக அனுப்பினால் குரலை நசுக்கிவிடும், டொக்யூமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். நசுக்காத ஒற்றைக் குரலுக்கு ஒரு நிமிடத்துக்கு 5 எம்.பி. அளவு போகும். டேட்டா முடிகிற மாசக் கடைசியில் சரணங்கள் சின்னதாகிவிடும்.

மாரிகாலத்தில் இங்கே காலமை ஆறரை என்றால் அங்கே முதல் நாள் இரவு எட்டு மணி. கூட இருக்கிற பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று குளிர் ஜக்கெட் தொங்குகிற அலுமாரிக்குள் தலையை விட்டு மெதுவாகப் பாடுகிறா. அந்த ஜக்கெட்டுகள் பெரியம்மாவின் சீலைகளை விடத் திறம். அப்படி மெதுவாகப் பாடியதில் குரலே மாறிவிட்டது. முந்திக் கோயில் மண்டபத்தில் பாடுகிற மாதிரிப் பாடுவா. இப்போது காதுக்குப் பக்கத்தில் இருந்து கதை சொல்லுகிற மாதிரி இருக்கிறது. புதுப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம்.

"நாள் முழுக்க இங்கிலிஷ்தான். வாயத் திறந்து 'ஆர்' எண்டு நான் சொல்லுறது இப்ப இந்த அலுமாரிக்குள்ள மட்டும்தான்" என்று ஒரு நாள் சொன்னா.

வீட்டில் கேட்கிற கேள்வி எல்லா வீட்டிலும் கேட்கிறதுதான். "உதால என்ன வருமானம்?" ஒரு சதமும் இல்லை. கேட்ட ஆட்களை எண்ணினால் இரண்டு வகுப்பறைக்குள் இருத்திவிடலாம். ஆனால் 'பூட்டின வீடு' எப்படியோ கை மாறிக் கை மாறி அந்த வீட்டுக்காரரின் சொந்தம் ஒருவருக்குப் போயிருக்கிறது. வயது போன ஒரு அம்மா. பெரியம்மாவின் போனுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. பாட்டு நல்லது, கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரேயொரு கேள்வி: "அது கறுத்தக்கொழும்பான் எல்லே? இன்னும் காய்க்குதோ?"

பெரியம்மா மாமரத்தைப் படம் எடுத்து அனுப்பினா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கிழமைக்கொருக்காக் கதைக்கிறார்கள்.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. போனை எடுங்கோ. ஃபானை நிப்பாட்டுங்கோ. அலுமாரியைத் திறந்து துணிக்கு முன்னால் நில்லுங்கோ. ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாடுங்கோ. சத்தம் காட்டுகிற மீட்டர் ஆகக் கூடின இடத்திலும் மைனஸ் ஆறைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கோ, பூச்சியத்துக்கு மேலே போய்க் கிழிந்த குரலைத் தைக்க முடியாது. சொல்லுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். அம்மம்மா புறுபுறுக்கிறதை, பஸ் கொண்டக்டர் கூப்பிடுகிறதை, நீங்கள் கூட்டாளியோடு சண்டை பிடிக்கேக்கச் சொல்லுகிறதை அப்படியே எழுதிப் பாருங்கோ. முதல் நாற்பது தரமும் சரிவராது. அதுக்கென்ன, மணிக்கூடு உங்கடதுதானே.

பாட்டு வந்தால் எங்களுக்கும் ஒருக்கா அனுப்புங்கோ. மறக்காமல் டொக்யூமென்ட்டாக.